செயினை வீணைத் தந்தியாக்காதீங்க!

செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலை ஏறுற பைக்குக்கு ஆனி, ஆடி சாரல்ல செயின் காயவே காயாது. எண்ணெய் கழுவிப்போய் கரகரன்னு சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்ல விட்டா துடைக்கிறதில்ல, எண்ணெய் விடுறதில்ல. விண்ணுன்னு இறுக்கி அனுப்பிடுறாங்க!

ரெண்டு பேர் உட்கார்ந்தா பின்சக்கரம் மேல ஏறி செயின் இன்னும் இறுகும். பள்ளத்துல விழுற ஒவ்வொரு அடியும் கியர்பாக்ஸ் பேரிங்குக்குத்தான். பல கம்யூட்டர் வண்டிக்கு (தினசரி ஓட்டுற சாதா பைக்) செயின் மேல கீழ ஆடுற தொய்வு 20–30 மி.மீ. வேணும், ஸ்விங்ஆர்ம்ல (பின்சக்கரத்தைத் தாங்குற கை) இருக்கிற ஸ்டிக்கரைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சக்கரத்தைச் சுத்தி, செயின் ரொம்ப இறுகுற இடத்துல அளக்கணும்ப்பா.

ஓ-ரிங் செயின்ல, அதாவது கண்ணிகள்ல ரப்பர் வளையம் இருக்கிற செயின்ல, பெட்ரோலும் ஊத்துறாங்க, ரப்பர் கெட்டுடும். மண்ணெண்ணெய், மெத்துன்னு இருக்கிற பிரஷ் வச்சு சுத்தம் பண்ணி, காய்ஞ்சதும் உள்பக்கமா 90 கியர் ஆயில் விடுங்க. சக்கரத்தைக் கையால சுத்துங்க. இன்ஜினை ஓடவிட்டுத் துடைச்சா விரல் போயிடும்.