காற்றை இறக்கிவிட்டு அப்புறம் பேசுங்கள்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. கோடி ரூபாய் வண்டி தனுஷ்கோடி மணலில் வயிறு தட்டி உட்கார்ந்திருப்பதையும், அலை வந்து பம்பரை நனைத்துவிட்டுப் போவதையும், நம்மூர் டிராக்டர் வந்து இழுத்ததையும் பார்த்தாச்சு. கீழே வந்த கமெண்ட்டுகளும் மனப்பாடம். "ஷோரூம்ல மட்டும்தான் எஸ்யுவி." "மாலுக்குப் போற வண்டிய மணல்ல இறக்குனா இப்படித்தான்." "எங்க தாத்தா காலத்து ஜீப்பா இருந்தா சும்மா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

சிரித்து முடித்தாச்சா? இப்போது ஒரு கேள்வி. அந்த வண்டி டயரில் எவ்வளவு காற்று இருந்தது?

ஆயிரம் கமெண்ட்டில் ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாலு டயரும் விறைப்பாக நிற்கின்றன, சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், ஒரு மடிப்பு இல்லை. ரோட்டில் ஓடுகிற 35, 36 பிஎஸ்ஐ காற்றோடு அப்படியே மணலில் இறக்கியிருக்கிறார்கள். தாத்தா காலத்து ஜீப்பையும் அந்தக் காற்றோடு இறக்குங்கள், அதுவும் புதையும்.

கணக்கு எளிதுதான். வண்டி 2,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம், ஒரு டயருக்கு 600 கிலோ. 36 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம். அப்படிப் பார்த்தால் ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் தோராயமாக 240 சதுர சென்டிமீட்டர். இரண்டு போஸ்ட் கார்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல்தான் அறுநூறு கிலோவும் உட்கார்ந்திருக்கிறது. காற்றை 18க்கு இறக்கினால் நாலு போஸ்ட் கார்டு ஆகிவிடும். அதுவும் அகலத்தில் கூடாது, நீளத்தில்தான் கூடும். டயர் முன்னால் இருக்கிற மணலைத் தள்ளிக் குவிக்காமல் அதன்மேல் ஏறிப் போவது இதனால்தான். எஞ்சினில் 300 குதிரை இருந்தாலும் 500 குதிரை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. குதிரை கூடக் கூடக் குழி சீக்கிரம் விழும், அவ்வளவுதான்.

இனி "இப்போ வர்ற லக்ஸரி வண்டியெல்லாம் வேஸ்ட்" என்ற பேச்சுக்கு வருவோம். எந்த வண்டியைச் சொல்கிறீர்கள்? ஊரெல்லாம் கொண்டாடுகிற லேண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரியில் நின்றுபோனது. அது இறங்கலாம் என்று கம்பெனி சொன்ன தண்ணீர் ஆழம் 500 மில்லிமீட்டர். 2019இல் வந்த புது டிஃபெண்டருக்கு வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏர் சஸ்பென்ஷனோடு 900. தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சட்டமாக இருக்கிற மோனோகாக், உள்ளே தோல் சீட்டு. ஆனால் சஸ்பென்ஷனை உயர்த்தினால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே 291 மில்லிமீட்டர் இடைவெளி. மெர்சிடிஸ் ஜி வேகனில் முன்னும் நடுவிலும் பின்னும், சக்கரங்களை ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுகிற மூன்று டிஃப் லாக் இன்றைக்கும் இருக்கிறது. டொயோட்டா லேண்ட் குரூசர் 300 இன்றைக்கும் சேஸிஸ் வண்டிதான், மெதுவாக அதிக இழுவையோடு போகிற லோ ரேஞ்ச் கியர் இருக்கிறது, 700 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும். இதெல்லாம் மாலுக்குப் போகவா கொடுத்திருக்கிறான்?

எல்லா வண்டியும் ஒன்று என்று சொல்லவில்லை. பிஎம்டபிள்யூ எக்ஸ்5, ஆடி க்யூ7 மாதிரி வண்டிகளில் லோ ரேஞ்ச் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற ஆல் வீல் டிரைவ் இருக்கும், மழை ரோட்டில் அருமையாகப் போகும். சின்ன ஆல் வீல் டிரைவ் கார்கள் சிலவற்றில் பின்சக்கரத்துக்குச் சக்தி ஒரு கிளட்ச் பேக் வழியாகத்தான் போகிறது. மணலில் ஐந்து நிமிடம் சக்கரத்தைச் சுற்றவிட்டால் அது சூடேறித் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும், வண்டி வெறும் முன்சக்கர வண்டியாகிவிடும். டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், ஆறுகிற வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் "எஸ்யுவி" என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் கட்டி அடித்தால் எப்படி?

"அப்படின்னா கம்பெனிக்காரன் ஏன் 22 இஞ்ச் அலாய் வீல் போட்டு விக்கிறான்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். 255/70 ஆர்18, அதாவது 18 இஞ்ச் ரிம் டயரில் சைடுவால் உயரம் 178 மில்லிமீட்டர். 285/40 ஆர்22இல் 114. காற்றை இறக்கினால் பிதுங்குவதற்கு அங்கே சதையே கிடையாது. 18 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு ஒரு கல்லில் ஏற்றினால் ரிம் நேராகத் தட்டும். ரன்ஃபிளாட் டயர் இன்னும் மோசம், காற்றே இல்லாமல் ஓடுவதற்காகச் சைடுவாலை விறைப்பாகச் செய்திருப்பான், காற்றை இறக்கினாலும் படியாது. ஆக, வாங்கும்போதே 18 அல்லது 19 இஞ்ச் கேட்டு வாங்க வேண்டும். அழகுக்கு 22 கேட்டது யார்? வாங்கினவர். திட்டு வாங்குவது மட்டும் வண்டி.

நம் ராமநாதபுரம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சீமைக்கருவேல முள். உச்சிப்புளியோ பெரியபட்டினமோ சாயல்குடிப் பக்கமோ, ரோட்டை விட்டு ஓரம் கட்டினாலே போதும். டிரெட்டில், அதாவது தரையைத் தொடுகிற பக்கத்தில் ஏறினால் பங்க்சர் ஒட்டலாம். காற்று இறக்கிய டயரில் சைடுவால் வெளியே பிதுங்கி நிற்கும்போது முள் அதில் ஏறினால் ஒட்டவே முடியாது, டயரையே மாற்ற வேண்டும். நிறைய லக்ஸரி வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, இல்லாவிட்டால் ஒல்லியாக ஒரு சக்கரம் கொடுத்திருப்பான். மணலில் அதைப் போட்டால் ஓடாது.

சரி, காற்றை எப்படி இறக்குவது? மணலில் இறங்குவதற்கு முன்னால், தார் ரோட்டிலேயே நிறுத்தி இறக்க வேண்டும். புதைந்த பிறகு குனிந்துகொண்டு வால்வைத் தேடக் கூடாது. பிரஷர் கேஜ் கையில் இருக்கட்டும், கண்ணளவு வேண்டாம். கனமான வண்டிக்கு 18 முதல் 20 பிஎஸ்ஐ, மாருதி ஜிம்னி மாதிரி 1,200 கிலோ வண்டிக்கு 14, 15. பன்னிரண்டுக்குக் கீழே போனால் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டேஷ்போர்டில் டயர் விளக்கு எரியும், "பீப்" என்று கத்தும். கத்தட்டும். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் காற்றை இறக்குவதே இல்லை.

அடுத்தது எலக்ட்ரானிக்ஸ். சக்கரம் சுற்றினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் பிரேக்கைப் பிடிக்கும், எஞ்சின் சக்தியையும் குறைக்கும். மழை ரோட்டில் அது உயிர் காக்கும். மணலில் ஓட்டத்தைக் கொன்றுவிடும். சாண்ட் மோடு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கிற எலக்ட்ரானிக்ஸ்) பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு லோ ரேஞ்சில் இரண்டாவது கியர். ஒரே வேகம், ஒரே மிதி. நிற்க வேண்டுமானால் பிரேக் போடாமல் தானாக ஓய்ந்து நிற்கட்டும். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து மேடாகும், மறுபடி கிளம்பும்போது அதையே ஏற வேண்டியிருக்கும்.

சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லையா, அந்த நொடியே காலை எடுங்கள். வீடியோவில் அந்த மனிதர் செய்தது என்ன? மிதிக்கிறார், மிதிக்கிறார், மிதித்துக்கொண்டே இருக்கிறார். மணல் பீய்ச்சி அடிக்கிறது, நண்பர்கள் கைதட்டுகிறார்கள். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி இறங்கி, கடைசியில் அடிப்பக்கம் மணலில் படுத்துவிட்டது. அடி தட்டிய பிறகு நாலு சக்கரமும் சுமையைத் தாங்குவதில்லை, எந்த டிஃப் லாக்கும் எதுவும் செய்ய முடியாது. அப்போது மண்வெட்டி ஒன்றுதான் வேலை செய்யும். வயிற்றுக்கு அடியில் இருக்கும் மணலை எடுக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்ட வேண்டும், காற்றை இன்னும் இரண்டு பிஎஸ்ஐ இறக்கிவிட்டு வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். முன்னால் போகவே கூடாது. டயருக்கு அடியில் போடப் பனை ஓலை கிடைத்தால் போடுங்கள், மட்டையைப் போடாதீர்கள். மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பப் பல் மாதிரி கருக்கு இருக்கும், சைடுவாலைக் கீறிவிடும்.

அந்த வண்டி நின்ற இடத்தையும் கவனியுங்கள். தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா), அலை ஏறி இறங்குகிற விளிம்பு. "ஈர மணல் கெட்டியா இருக்கும்"னு யாரோ சொல்லியிருப்பார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் கெட்டிதான். நின்றால்? அலை வரும், திரும்பும்போது டயருக்குக் கீழே இருக்கிற மணலை உருவிக்கொண்டு போகும். அடுத்த அலை இன்னும் கொஞ்சம் உருவும். வண்டி அசையாமல் நின்றுகொண்டே இறங்கும். கம்பெனி சொல்கிற 900 மில்லிமீட்டர் என்பது அசையாத தண்ணீரில் மெதுவாகப் போவதற்கான கணக்கு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் எழும்பி வருகிற அலைக்கு அந்தக் கணக்கு கிடையாது. வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா) பக்கம் இன்னொரு ஏமாற்று வேலை. மேலே உப்புப் பூத்துக் காய்ந்த பொருக்கு, பார்த்தால் திடல் மாதிரி இருக்கும், கீழே கால் புதைகிற உளைச் சேறு. அங்கே காற்றை இறக்கியும் பெரிய பயன் இல்லை. அங்கே போகாமல் இருப்பதுதான் வழி.

ஜீப் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. 2017இல் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப்பையும் வேனையும் சொல்கிறீர்கள். போனது உண்மை. ஓட்டிய அண்ணன்மார் காற்றைக் குறைத்து வைத்திருந்தார்கள், தினமும் ஒரே தடத்தில் போனார்கள், எந்தப் பக்கம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று காற்றடிக்கிற திசையைப் பார்த்தே சொன்னார்கள். அப்படியும் மாட்டும். ஏறினவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். ரீல்ஸ் இல்லாத காலம், யாருக்கும் தெரியாது. அந்தத் திறமையை அந்த மனிதர்களுக்குக் கொடுக்காமல் இரும்புக்குக் கொடுக்கிறீர்களே, அதுதான் எரிகிறது.

எரிச்சல் அதோடு போயிருந்தால் இந்தப் பதிவே போட்டிருக்க மாட்டேன். "இழுத்துவிட 3,000 ரூபாயா, ராமநாதபுரத்துல வழிப்பறி" என்று ஒரு கமெண்ட், அதற்கு நானூறு லைக்.

டிராக்டர் அண்ணன் வந்து நின்றதும் முதலில் என்ன கேட்டார் என்று சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். "கொக்கி எங்க சார் இருக்கு?" என்றார். வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. பம்பரில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் மரையுள்ள துளை. அதில் திருகுகிற கொக்கி டிக்கியின் அடியில் டூல் கிட்டோடு கிடக்கும். சில வண்டிகளில் இடப்பக்க மரை, எதிர்ப்பக்கம் திருக வேண்டும், கடைசி மரை வரை திருக வேண்டும். டிக்கி நிறையப் பெட்டி, எடுத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. "கீழ எங்கயாவது கட்டுங்க"ன்னு சொன்னது யார்? கீழே எங்கே கட்டுவது, அலுமினிய சஸ்பென்ஷன் ஆர்மிலா? வளைந்தால் லட்சக்கணக்கில் பில் வரும், பழி டிராக்டர்மேல் வரும். அந்த அண்ணன் கட்டவில்லை. பெட்டியெல்லாம் இறக்கச் சொல்லிக் கொக்கியை எடுத்து மாட்டிவிட்டு, கயிற்றை விறைப்பாக்கி மெதுவாக இழுத்தார். சுண்டி இழுக்கவில்லை. அந்தக் கொக்கி சுண்டி இழுத்தால் தாங்காது, தெறித்தால் ஆளைக் கொல்லும். இது தெரிந்த மனிதருக்கு 3,000 ரூபாய் அதிகமா?

டீசல் இருக்கிறது. உப்புத்தண்ணீரில் இறங்கிய டிராக்டரை நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் போகும். நீங்கள் கட்டியிருக்கிற கம்பெனி ரோடு சைடு உதவி பெரும்பாலும் ரோட்டில் நின்ற வண்டிக்குத்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுக்காத பாலிசியில் பைசா தேறாது. இன்னும் ஒரு மணி நேரம் அந்த அலையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். அவன் போடுகிற பில்லுக்கு மட்டும் யாரும் வழிப்பறி என்று சொல்ல மாட்டீர்கள்.

வண்டி போன தடத்தில் கரையில் நின்று மீனவர்கள் இழுக்கிற கரைவலைக் கயிறு கிடந்தது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மாட்டின வண்டிக்கு அனுதாபம் உண்டு, வேடிக்கை பார்க்கக் கூட்டம் உண்டு, வலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. உங்களுக்கு அது டிராக், அவர்களுக்கு அது வேலை செய்கிற இடம். ஜனவரியிலிருந்து அந்த மணலில்தான் சிற்றாமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) ஏறி முட்டையிடுகிறது, வனத்துறை ஆட்கள் விடியற்காலையில் நடந்து தேடி எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழிமேல் இரண்டரை டன் ஏறினால் என்ன மிஞ்சும்? 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்ததும் இதே தனுஷ்கோடிப் பகுதியைத்தான்.

"அப்படின்னா மணல்ல ஓட்டவே கூடாதுங்கிறியா? அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் காத்து, பிஎஸ்ஐனு பாடம் எடுத்த?" ஆமாம், எடுத்தேன். வண்டிக்குத் திறமை இருக்கிறது என்றேன், அதை எங்கள் கரையில் காட்டச் சொல்லவில்லை. ஓட்ட அனுமதி உள்ள இடத்தில் ஓட்டுங்கள். முடித்துவிட்டு, மதுரை ரோட்டில் 80இல் மிதிப்பதற்கு முன்னால் காற்றை மறுபடி 36க்கு ஏற்றுங்கள். 18 காற்றோடு வேகமாகப் போனால் சைடுவால் சூடேறி வெடிக்கும். நாலு பெரிய டயரை நிரப்பச் சின்ன கம்ப்ரசர் மூச்சு வாங்கும், இடையிடையே ஆறவிட வேண்டும். அன்றைக்கே அடிப்பக்கத்தையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள்.

வழிப்பறி என்று எழுதிய அதே தம்பி நேற்று இன்பாக்ஸில் வந்திருக்கிறார். பொங்கல் லீவுக்கு நாலு வண்டியில் வருகிறார்களாம், எந்த இடத்தில் மணலில் இறக்கலாம் என்று கேட்கிறார். அரிச்சல்முனையில் அசோகத் தூண் வரைக்கும் தார் ரோடு இருக்கிறது தம்பி. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.