வேலி இருப்பது கதிர்வீச்சுக்காக அல்ல

‘ஹிரோஷிமா அணுகுண்டுக் குவிமாடம் இன்னும் கதிர்வீச்சைக் கக்குகிறது, வேலி போட்டிருப்பதே அதனால்தான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. ஜப்பானில் அணுகுண்டு வெடிப்பில் சிதைந்து, நினைவுச்சின்னமாக நிற்கும் கட்டடம் அது. தகவல் தவறு.

1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு தரையில் விழவில்லை. சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. மண்ணில் எஞ்சிய கதிரியக்கம் வேகமாகக் குறைந்துவிட்டது. இன்று அங்குள்ள அளவு, உலகில் எங்கும் இயற்கையாக இருப்பதுதான். பக்கத்திலேயே டிராம் ஓடுகிறது, மக்கள் வசிக்கிறார்கள்.

அப்படியானால் வேலி எதற்கு? 1915-இல் கட்டிய செங்கல் சுவர், அதுவும் குண்டுவெடிப்பில் சிதைந்தது; பலவீனமாக இருப்பதால்தான் வேலி. காப்பதென்று 1966-இல் நகர மன்றம் தீர்மானித்த பிறகு, விரிசல்களில் எபாக்சி பிசினைச் செலுத்தி, உள்ளே இரும்புச் சட்டங்களால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்தே அந்தச் சட்டங்கள் தெரியும். உள்ளே அனுமதியில்லை, சுற்றி வந்து பார்க்கத் தடையேதும் இல்லை.