ஆடிக்கு ஒருமுறை, அமாவாசைக்கு ஒருமுறை

கேரி ரஸ்ஸல் ஜூனியர் என்று ஓர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். 2015 மார்ச்சில் ஃபெதர்வெயிட் எடைப்பிரிவில் டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) சாம்பியன் ஆனார். 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் மார்க் மக்சாயோவிடம் தோற்றுப் பட்டத்தை இழந்தார். கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் சாம்பியன். இந்த இடைவெளியில் அவர் பட்டத்தைக் காத்துக்கொண்டது ஐந்தே முறை. 2016 ஏப்ரல், அப்புறம் 2017, 2018, 2019 மூன்றிலும் மே மாதம். கோடை விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வந்துபோகும் மாமா மாதிரி வருவார், அடிப்பார், போய்விடுவார். ஐந்தாவது 2020 பிப்ரவரியில். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆளையே காணவில்லை. அவருடைய கைவேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஆதங்கம் புரியும். சுமாரான ஆள் என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்?

ரஸ்ஸலை அப்போது எல்லோரும் கிண்டல் செய்தோம். இன்றைக்குப் பெரிய பெயர்களில் பாதிப் பேர் அவர் வழியில்தான் போகிறார்கள். டெரன்ஸ் கிராஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த வீரர் அவர்தான் என்பது என் கட்சி. 2023 ஜூலையில் எரல் ஸ்பென்ஸோடு, 2024 ஆகஸ்டில் மத்ரிமோவோடு, 2025 செப்டம்பரில் கனெலோவோடு மோதினார். ஆண்டுக்கு ஒன்று. கனெலோவை வென்ற சில மாதங்களிலேயே, தோல்வியே காணாமல் ஓய்வை அறிவித்துவிட்டார். உச்சத்தில் இருந்த காலத்தில் நாம் பார்த்திருக்க வேண்டிய கிராஃபோர்டில் பாதியைத்தான் பார்த்தோம்.

பழைய கணக்கை எடுத்தால் தலை சுற்றும். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1937இல் மட்டும் 27 சண்டை போட்டு இருபத்தேழிலும் வென்றார். அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று போட்டாலும் அந்தக் கணக்கு வராது. முகமது அலி 1966இல் சாம்பியனாக ஐந்து முறை பட்டத்தைப் பணயம் வைத்தார்: டொராண்டோ, லண்டனில் இரண்டு, ஃபிராங்ஃபர்ட், ஹூஸ்டன். மைக் டைசன் தொழில்முறைக்கு வந்த 1985இல் 15 சண்டை.

எனக்குப் பிடித்த கதை சுகர் ரே ராபின்சனுடையது. 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். நாற்பது வெற்றிகளுக்குப் பிறகு முதல் தோல்வி, ஜேக் லமோட்டாவிடம். இன்றைய வீரர் ஒருவருக்கு இது நடந்தால் என்ன ஆகும்? ஓர் அறிக்கை வரும், பயிற்சியாளர் மாறுவார், ஒரு வருடம் கழித்து யாரோ ஒரு பலவீனமான ஆளோடு 'மறுவருகை' நடக்கும். ராபின்சன் என்ன செய்தார் தெரியுமா? பிப்ரவரி 19இல் நியூயார்க்கில் ஜாக்கி வில்சனை வென்றார். 26ஆம் தேதி அதே டெட்ராய்ட்டுக்குத் திரும்பி, அதே லமோட்டாவை வென்றார். தோல்வி, வெற்றி, பழிவாங்கல் எல்லாம் மூன்றே வாரத்தில் முடிந்தது. கடைசியில் 19 தோல்விகளோடு ஓய்வு பெற்றார். இன்றும் 'எக்காலத்திலும் சிறந்தவர்' என்று முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான்.

சரி, ஏன் இப்படி ஆனது? சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரொமோட்டர்கள் ஆளுக்கு ஒரு ஒளிபரப்பு மேடையோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு வீரரோடு மோத விடாமல் இழுத்தடிப்பது ஒரு காரணம். ஒவ்வொரு எடையிலும் நான்கு அமைப்புகள் நான்கு பெல்ட் கொடுப்பது இன்னொன்று. 1973 முதல் குத்துச்சண்டை காட்டிய அமெரிக்கத் தொலைக்காட்சி ஹெச்பிஓ 2018 கடைசியில் கடையைக் கட்டியது. 2023 முடிவில் இன்னொரு தொலைக்காட்சியான ஷோடைமும் போயிற்று. நிலையாகச் சண்டை கேட்டு, நிலையாகப் பணம் கொடுத்த இடங்கள் அவை. இப்போது சவுதிப் பணம் வந்து, நடக்கவே நடக்காது என்று நினைத்த சில சண்டைகளை நடத்தித் தருகிறது, நன்றி. ஆனால் ஒரு இரவில் கிடைக்கும் தொகை அவ்வளவு பெரிதாக இருக்கும்போது, நடுவில் சின்னச் சண்டை போட்டு அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

இதில் ரசிகர்களுக்குப் பங்கே இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேவெதர் – பக்கியாவ் சண்டைக்கான பேச்சு 2009இல் தொடங்கியது. நடந்தது 2015 மேயில். ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. இருவருமே உச்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதைப் பார்க்க அமெரிக்காவில் கிட்டத்தட்ட நூறு டாலர் கொடுத்து 46 லட்சம் இணைப்புகள் வாங்கப்பட்டன. இழுத்தடித்தால் நஷ்டமில்லை, லாபம்தான் என்று புரொமோட்டர்கள் படித்த பாடம் அது. மேவெதரின் 50–0 (ஐம்பது வெற்றி, தோல்வியே இல்லை) வேறு, அந்தப் பூஜ்யத்தைப் பூஜை அறையில் வைக்கும் பொருளாக்கிவிட்டது. ஒரு வீரர் ஒருமுறை தோற்றால் மீம் போட்டு அவரைப் புதைக்கிறோம். பிறகு அவர் ஏன் ஆபத்தான எதிரிகளைத் தவிர்க்கிறார் என்று கேட்கிறோம்.

உடல்நலத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுதக் கூடாது. ஆர்ம்ஸ்ட்ராங் காலம் பொற்காலம் எல்லாம் இல்லை, கொடூரமான காலம். 1982இல் மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகுதான் 15 ரவுண்டு பட்டச் சண்டைகள் 12ஆகக் குறைந்தன. தலையில் வாங்கிய குத்துகளின் கணக்கு பல ஆண்டுகள் கழித்து வருகிறது. அதனால் நான் இருபத்தேழு கேட்கவில்லை. ஆண்டுக்கு மூன்று போதும். அப்புறம், சண்டை போடாத வீரர் சும்மா இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். ஜிம்மில் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் அவர் தலையில் குத்து விழுந்துகொண்டுதான் இருக்கும். எடை ஏறி, மறுபடி அவசரமாக இறக்குவதும் உடம்பைக் கெடுக்கும் வேலை.

ரசிகர் என்ன செய்யலாம்? நம்மூரில் பலர் திருட்டு ஸ்ட்ரீமில்தான் பார்க்கிறோம், மறைக்க வேண்டாம். ஆகவே 'வாங்காதே' என்ற அறிவுரை இங்கே செல்லாது. ஆனால் நாம் பகிர்வதும் பேசுவதும் கணக்கில் வருகிறது. செய்தியாளர் கூட்டத்தில் மேசையைத் தள்ளிவிடும் காணொளியை லட்சம் பேர் பகிர்ந்தால், சண்டையே போடாமல் ஒருவர் ஒரு வருடம் செய்தியில் இருக்கலாம். அதை நிறுத்தலாம். ஒன்றரை வருடமாக ரிங்கில் ஏறாதவரை 'தலைசிறந்த பத்துப் பேர்' பட்டியலில் வைத்து வாதாடுவதை விட்டுவிடலாம். ஒளிபரப்புக்குப் பணம் கட்டுபவர்கள் அண்டர்கார்டையும் (முக்கியச் சண்டைக்கு முன் நடக்கும் சண்டைகள்) பார்த்துவிட்டு, அதில் நன்றாகச் சண்டையிட்டவர் பெயரைச் சொல்லி எழுதலாம்.

முக்கியமாக, நன்றாகத் தோற்றவரைக் கொண்டாடலாம். 2025 மேயில் லாஸ் வேகஸில் ஜப்பானின் உச்ச வீரர் நவோயா இனோவேயை எதிர்த்து ரமோன் கார்டெனாஸ் ஏறியபோது அவரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டாவது ரவுண்டில் இனோவேயையே கீழே தள்ளினார். எட்டாவதில் தோற்றார். வென்ற பலரைவிட அந்தத் தோல்வியால் அவருக்கு மதிப்பு கூடியது.

அதே இனோவே 2025இல் நான்கு முறை சண்டையிட்டார்: டோக்கியோ, லாஸ் வேகஸ், நகோயா, ரியாத். 'இந்தக் காலத்தில் உச்ச வீரருக்கு ஆண்டுக்கு ஒன்றுதான் சாத்தியம்' என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். ஹெவிவெயிட் மட்டுமே பார்ப்பவர்கள் சின்ன எடைகளுக்கு வாருங்கள். அமெரிக்கச் சண்டைக்கு ஞாயிறு காலையைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கிறது. ஜப்பான் சண்டை நமக்குச் சாயங்காலத்திலேயே முடிந்துவிடும்.