பழைய ஜாஸ் சிடி: எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள்

“சிடியில் எல்லாப் பதிப்பும் ஒன்றுதான், விலை குறைந்ததை எடுங்கள்” என்கிறது பழைய சிடி வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை. ஜாஸைப் பொறுத்தவரை இதை ஏற்க முடியவில்லை.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா இசை நிறுவனத்தின் 30-ஆவது தெரு ஸ்டுடியோவில் இசைத்தட்டின் முதல் பக்கம் பதிவானபோது, முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் அந்தப் பக்கத்தின் மூன்று பாடல்களும் சுருதி சற்றே ஏறி, சற்றே வேகமாக ஒலித்தன. கூட வைத்திருந்த இன்னொரு டேப்பிலிருந்து இதைச் சரிசெய்து தங்கப் படலமிட்ட சிடியாக வெளியிட்டது 1992-இல்தான். சாதாரண சிடிக்கு அந்தத் திருத்தம் 1997-இல் வந்தது. எண்பதுகளின் சிடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் பழைய சுருதிதான். சிடியை ஓடவிட்டு அதனுடன் சேர்ந்து கருவி வாசித்துப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு.

பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’ தொகுப்பிலும் இப்படித்தான். இசைத்தட்டுக்காக வெட்டிய பகுதிகள் 1998 சிடியில் திரும்பச் சேர்ந்தன. எனக்கு அந்த முழு வடிவம்தான் பிடிக்கும்.

அப்புறம், கீறல். அடிப்பக்கத்து மெல்லிய கீறலுக்குப் பயந்து நல்ல சிடியை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் ஓடிவிடும். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஒலியைத் தாங்கும் பளபளப்பான படலம் அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறியிருந்தால் மெருகேற்றியும் பயனில்லை.