பழைய மீன்பிடிப் படகு வாங்குவோர் எஞ்சினுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பழைய மீன்பிடிப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பிலேயே எஞ்சினைப் பற்றித்தான் சொல்கிறார்கள்: எத்தனை குதிரைத்திறன், எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது மாற்றியது. விற்பவரும் அதைத்தான் முன்னால் நிறுத்துகிறார். இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. எஞ்சின் கெட்டுவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். படகின் உடல் கெட்டுவிட்டால், அதில் மாட்டியிருக்கும் நல்ல எஞ்சினைப் பிரித்து விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கலாமே தவிர, படகு என்று ஒன்று மிஞ்சாது.

படகின் வயதைக் கேட்டவுடன் பின்வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 1960களிலும் 70களிலும் கட்டிய ஃபைபர் படகுகளில் பல, இந்தப் பொருளை எவ்வளவு மெல்லியதாக வார்க்கலாம் என்ற அனுபவம் போதாத காலத்தில் கட்டப்பட்டவை என்பதால், தேவைக்கு மேற்பட்ட கனத்தோடு இன்றும் உறுதியாக இருக்கின்றன. ஃபைபர் உளுத்துப்போவதில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் மரம்தான் உளுத்துப்போகிறது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, தளத்துக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் விட்டங்கள், மேல்தளம் ஆகிய மூன்றிலும் பழைய படகுகளில் பெரும்பாலும் ப்ளைவுட்டோ மரச்சட்டமோ வைத்து, அதன்மேல் ஃபைபரைப் போர்த்தியிருப்பார்கள். தூண்டில் தாங்கி, ஏணி, மீன் தேடும் கருவியின் உணரி என்று பின்னாளில் யாரோ போட்ட ஒவ்வொரு திருகாணித் துளையும், சரியாக அடைக்கப்படாவிட்டால், அந்த மரத்துக்குத் தண்ணீர் போகும் வழி. இதில் கடல்நீரைவிட மழைநீரே ஆபத்தானது. உப்பு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது, நன்னீர் அதை ஊட்டி வளர்க்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலும் பயமில்லை. ஆகவே, கடலில் தினமும் உழைத்த படகைவிட, மூடாமல் கரையில் பல மழைக்காலம் நின்ற படகையே நான் அதிகம் சந்தேகிப்பேன். "அதிகம் ஓட்டவே இல்லை, கரையில்தான் நின்றது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது, என் காதில் அது எச்சரிக்கையாகத்தான் விழுகிறது.

பின்பலகையைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பின்பலகையின் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைப் பாதி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியில் கையை வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். அழுத்தும்போது எஞ்சினைப் பார்க்காமல் பலகையின் மேல்விளிம்பைப் பாருங்கள். அது நூலளவு வளைந்தாலும், மூலைகளில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலும், உள்ளே மரம் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் "டக்" என்று கூர்மையாகக் கேட்கும் ஒலி, உளுத்த இடத்தில் "தொப்" என்று மழுங்கிவிடும். விற்பவர் அனுமதித்தால், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. அப்படி ஒருமுறை நான் பார்க்கப்போன படகில், திருகாணியின் புரிகளில் காப்பித்தூள் போல ஈரமான பழுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. துளையிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவேயில்லை. வெளியில் அந்தப் படகுக்குப் புதிதாகப் பூசிய பெயின்ட் கண்ணாடி போல மின்னியது.

தளத்துக்கு அடியில் மிதவைக்காக அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல். 200 லிட்டர் தண்ணீரை அது உறிஞ்சியிருந்தால், எப்போதும் 200 கிலோவைச் சுமந்துகொண்டுதான் நீங்கள் கடலுக்குப் போவீர்கள். படகு ட்ரெய்லரில் இருந்தால் எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, ட்ரெய்லர், எஞ்சின், எரிபொருள் ஆகியவற்றின் எடையைக் கழித்து, கட்டியவர் குறித்த எடையோடு ஒப்பிட்டுவிடலாம். இந்த எளிய வேலையை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

இனி "புது எஞ்சின்" விஷயத்துக்கு வருகிறேன். பழைய படகுகள் பல, டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் எடையைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டவை. அதே குதிரைத்திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பெரும்பாலும் அதைவிடக் கனமானது. அதை மாட்டியபின் படகின் பின்புறம் தாழ்ந்து, தளத்து நீரை வெளியேற்றுவதற்காக வைத்த துளைகள் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும் நிலை வருகிறது. இதனுடன் பெரிய ஐஸ் பெட்டி, கூரை, கூடுதல் பேட்டரி எல்லாம் சேர்ந்தால், அலையில் படகு நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். எனவே புது எஞ்சின் மாட்டிய பழைய படகைத் தண்ணீரில் இறக்கி, ஆட்களைப் பின்பக்கம் நிற்கவைத்து, அந்தத் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள். உளுத்த பின்பலகையில் கனமான புது எஞ்சின் தொங்குவது, பழைய எஞ்சின் தொங்குவதைவிட மோசம்.

எஞ்சினைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அடுத்த இடம் கொடுக்கச் சொல்கிறேன். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னரே யாரோ அதைக் கிளப்பிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே உண்மையைச் சொல்லும். சிலிண்டர்களின் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே காற்றை அழுத்தும் அளவு, ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. கீழ்ப்பகுதியின் கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. படகுக்கு உள்ளேயே பொருத்திய இன்போர்டு டீசல் எஞ்சினாக இருந்தால், நீலப் புகை ஆயில் எரிவதையும், கரும்புகை சுமை மிகுந்ததையோ காற்றோ எரிபொருளோ ஒழுங்காகச் சேராததையோ காட்டும். தண்ணீர் கலந்து வெளியேறும் புகைக்குழாயின் வளைவு உள்ளுக்குள் துருப்பிடித்து ஓட்டையானால், கடல்நீர் நேராக சிலிண்டருக்கே போய்விடும். அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற கேள்விக்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எரிபொருள் தொட்டியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பல பழைய படகுகளில் அது தளத்துக்கு அடியில் ஃபோமுக்குள் புதைந்த அலுமினியத் தொட்டியாக இருக்கும்; அந்த ஃபோமில் தங்கும் ஈரம் வெளிப்புறத்திலிருந்தே அலுமினியத்தை அரிக்கும். தொட்டியை மாற்ற வேண்டுமென்றால் பல படகுகளில் தளத்தையே அறுக்க வேண்டும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற கதை இங்கேதான் தொடங்குகிறது. வயரிங்கும் அப்படித்தான். வீட்டு வயரை இழுத்து ஒப்பேற்றியிருந்தால், உறையைச் சிறிது சீவிப் பார்க்கும்போது செம்பு கறுத்தோ பச்சை படிந்தோ இருக்கும். அதை ஒட்டுப்போடுவதில் பயனில்லை, முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டியதுதான்.

அடிப்புறத்தில் சிறு கொப்புளங்கள் தென்பட்டால் மிரள வேண்டாம். பல படகுகள் அவற்றோடே நெடுங்காலம் ஓடுகின்றன. ஆனால் கரையில் காய்ந்தபின் அவை அமுங்கிவிடும் என்பதால், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியவுடன் பார்ப்பதே சரி. அரிப்பைத் தான் ஏற்பதற்காகப் பொருத்தும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருப்பதும் நல்ல அறிகுறியே. பல காலமாக மாட்டியிருந்தும் அது புதிது போலவே இருந்தால், அதற்குப் பதிலாக வேறு ஏதோ உலோகம் அரிபட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. மரப்படகும் எஃகுப் படகும் வேறு கணக்கு. அவற்றைப் பட்டறை அனுபவம் உள்ளவர் இல்லாமல் பார்க்கவே போகாதீர்கள்.

ஒரே விலையில் இரண்டு படகுகள் நின்றால், உடல் உறுதியாகவும் எஞ்சின் தேய்ந்தும் இருப்பதையே நான் எடுப்பேன், எஞ்சினுக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டு. எஞ்சின் புதிதாகவும் பின்பலகை மென்மையாகவும் இருக்கும் படகை, அந்த எஞ்சினின் சந்தை விலைக்கு மேல் ஒரு காசும் கூட்டிக் கேட்க மாட்டேன். எதுவாக இருந்தாலும், படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் சுதந்திரமான ஆய்வாளர் ஒருவரை உங்கள் செலவில் அழைத்துப் போங்கள். விற்பவர் பரிந்துரைப்பவர் வேண்டாம். கடலில் ஓட்டிப் பார்க்கும்போது முழு வேகத்தில் எஞ்சின் தன் குறித்த சுழற்சி வேகத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் ப்ரொப்பல்லர் பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் தளர்ந்திருக்கிறது, அல்லது படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. உடலில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். படகின்மேல் கடன் நிலுவை இல்லை என்பதும் எழுத்தில் வேண்டும். முன்பணம் கொடுப்பதாக இருந்தால், ஆய்விலோ கடல் ஓட்டத்திலோ திருப்தி இல்லையென்றால் அது முழுவதுமாகத் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.