காமா கேமரா உடலை ஒட்டி வந்தால் கதிர்வீச்சு கூடுமா?

"எலும்பு ஸ்கேனில் கேமராவை உடம்புக்கு அருகில் விடாதீர்கள், கதிர்வீச்சு பாயும், ஓரடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

காமா கேமரா கதிர் எதையும் வெளியிடாது. ஊசியில் செலுத்திய டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் உடலுக்குள்ளிருந்து விடும் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்களைப் பதிவு செய்வதே அதன் வேலை. முகப்பிலுள்ள கொலிமேட்டர், தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு. நேராக வரும் கதிரை விடும். சாய்ந்து வருவதை ஈயச் சுவர் விழுங்கிவிடும். 10,000 காமா ஃபோட்டான்களில் (கதிர்த் துகள்களில்) ஏறத்தாழ ஒன்றிரண்டுதான் தாண்டும். கேமராவைத் தள்ளினால் ஒவ்வொரு துளையும் பார்க்கும் பரப்பு விரிந்து படம் மங்கும். சிறிய எலும்புப் புண் தெரியாமலே போகலாம். உடல் பெறும் கதிர்வீச்சின் அளவோ (டோஸ்) துளியும் குறையாது.

காமா கேமராவும் சிடி ஸ்கேனும் இணைந்த ஸ்பெக்ட்-சிடி கருவியில் சிடி பகுதி எக்ஸ்ரே தரும் என்பது உண்மை. அதற்கும் கேமரா நெருங்குவதற்கும் தொடர்பில்லை.

டோஸைக் குறைக்க, மருத்துவர் தடுக்காவிட்டால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். பன்னாட்டு அணுசக்தி முகமையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அணு மருத்துவ இயற்பியல் கையேட்டில் கொலிமேட்டர் பகுதியைப் பார்த்து இதைச் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.