கட்டியவரைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள்

புது வீடு பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்க்கிறார்கள். இதைக் கட்டியவர் யார், இதற்கு முன் என்ன கட்டினார் என்று விசாரிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிற விஷயத்தில் இவ்வளவு அலட்சியம் ஏன் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சாவி வாங்கும் நாளில் எல்லா வீடும் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே கம்பி எவ்வளவு போட்டார்கள், கான்கிரீட்டுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட்டு ஆற வைத்தார்களா, பாத்ரூம் தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்பு செய்தார்களா என்பதெல்லாம் இரண்டு மூன்று மழைக்காலம் போன பிறகுதான் வெளியே வரும். அதனால், அதே பில்டர் ஐந்தாறு வருடத்துக்கு முன் முடித்த ஒரு கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள். அவர் கூட்டிப்போகும் கட்டடம் வேண்டாம், நீங்களே தேடிப்பிடித்ததாக இருக்கட்டும்.

அங்கே நேராக வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கிறதா? சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? பீமின் அடியில் சிமென்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? பூச்சில் மயிரிழை விரிசல் சகஜம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாணயம் நுழையும் அளவுக்கு அகன்ற விரிசல் சகஜமில்லை. அப்படியே குடியிருப்பவர் ஒருவரிடம், "கசிவு என்று போன் செய்தால் ஆள் அனுப்பினாரா?" என்று கேளுங்கள். குறையே வராத கட்டடம் கிடையாது. வந்து சரிசெய்தாரா, போனை எடுக்காமல் விட்டாரா என்பதில்தான் அவருடைய தரம் தெரியும்.

பலர் கவனிக்காத இன்னொன்று. போர்டில் ஒரு பெயர் இருக்கும், ஒப்பந்தத்தில் வேறொரு கம்பெனி கையெழுத்துப் போடும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கம்பெனி தொடங்குவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், சட்டப்படி தப்பும் இல்லை. ஆனால் வீடுகள் விற்றுத் தீர்ந்த பிறகு அந்தக் கம்பெனியின் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அப்புறம் கேஸ் போட்டு ஜெயித்தாலும் யாரிடம் வசூலிப்பீர்கள்? ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரைக் கம்பெனிப் பதிவேட்டில் தேடுங்கள். எப்போது தொடங்கியது, இயக்குநர்கள் யார், அதே ஆட்கள் இதற்கு முன் எந்தக் கம்பெனியை மூடினார்கள், எவ்வளவு கடன் நிற்கிறது என்று பாருங்கள். முடிந்தால் தாய்க் கம்பெனியிடமும் எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் சொல்லும் கட்டுமானக் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் கம்பெனியின் கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்த உரிமையால் என்ன பயன்? பிரான்சில் 10 ஆண்டுப் பொறுப்பு, அதற்குக் காப்பீடும் கட்டாயம். எந்த நாடானாலும் சரி, காப்பீடு உண்டு என்று பில்டர் சொன்னால், பாலிசி எண்ணை வாங்கி காப்பீட்டு நிறுவனத்திடமே சரிபாருங்கள்.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் பதில் சொல்ல அவருக்கு அவசரமே இருக்காது.